மாப்பிள்ளை பார்க்க மலையேறினோம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் உன் அப்பாவின் முழங்கால் அதை ஒத்துக்கொள்ளாது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருப்பார், அதனால்தான் கடிதம். மலைமேல் ஏறி வருகிறவர்கள் தங்கக் குடில் நடத்துகிறவரைத்தான் கட்டிக்கொள்வேன், அதுவும் அப்பா வாயால் சரி என்றால்தான் என்று நீ சொன்னதிலிருந்து, மலைமேல உக்காந்திருக்கிறவனுக்கெல்லாம் பொண்ணு கிடையாது என்று குதித்தாரே, அவரேதான் போன வாரம், சொல்லாம கொள்ளாம போய் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துடுவோம், அப்பத்தான் பையனோட வண்டவாளம் தெரியும் என்று கிளம்பினார். புது பூட்ஸ், கையில் கோல், தலையில் தொப்பி, வழி தப்பிய சர்க்கஸ்காரர் மாதிரி இருந்தார். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டு, கேட்டால் காட்சி பார்க்கிறேன் என்றார். எதிரே மூடுபனி, ஒரு மண்ணும் தெரியவில்லை.

குடிலுக்குள் அடுப்புப் பக்கத்தில் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இவர்தான் என்று அப்பா கண்ணைக் காட்டினார். பெயரைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று கேட்கவில்லை. இதில் உன் குற்றமும் உண்டு, பையன் மூக்கைக் குறை சொல்வேன் என்று போட்டோவே அனுப்பவில்லையே நீ. அப்பா போய் ஒட்டிக்கொண்டு, சம்பாத்தியம் எப்படி, சொந்த வீடா, குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா என்று ஆரம்பித்தார். பார்த்தால் அந்த ஆளும் அதையேதான் திருப்பிக் கேட்கிறார், உங்க வயசென்ன சார், பிரஷர் இருக்கா, பசங்க எத்தனை பேர் என்று. யாருன்னே தெரியாம பெரியவங்க உடம்பை எப்படி விசாரிக்கிறான் பாரு என்று அப்பா என் காதில் சொல்லிப் பூரித்துப்போனார்.

கரி படிந்த கம்பளிக் குல்லாயோடு ஒருவன் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். ஏம்பா, வெந்நீர் கொண்டா என்று நான் அவனை ஏவினேன், வாளியோடு கொண்டுவந்து காலடியில் வைத்தான். பூட்ஸோடு உள்ளே வந்த அப்பாவை வாசலுக்கே திருப்பி அனுப்பியதும் அவன்தான். சாப்பாடு முடிந்ததும், இங்க அவங்கவங்க தட்டை அவங்கவங்கதான் கழுவணும் என்றான். நான் வழக்கம்போல இரண்டு தட்டையும் எடுத்தேன். நீங்க உங்களுதை மட்டும் எடுங்கம்மா, சார் தட்டை சார் கழுவுவார் என்றான். பாப்பா, உன் அப்பா கழுவினார். நம் சமையலறையில் குழாய் எந்தப் பக்கம் என்றே தெரியாத மனுஷன், ஐஸ் மாதிரித் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

காலையில் அப்பா சட்டைக்காரரின் கையைப் பிடித்து, எங்களுக்கு முழுச் சம்மதம் என்றார். ரொம்ப சந்தோஷம் சார், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க என்று அவர் பையைத் திறந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாம் அவர், எங்களைப் போலத் தங்க வந்தவர்! பேயறைந்த மாதிரி நின்ற உன் அப்பா, கௌரவத்துக்காகக் கையெழுத்தும் போட்டுத் தொலைத்தார். அப்ப குடிலை நடத்துறது யாரு என்று நான் கேட்க, அங்கே தங்கியிருந்த எல்லோரும் குல்லாய்க்காரரைக் காட்டினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது, கம்பளி, தலையணை, மறுபடி வெந்நீர் என்று என்ன வேலை வாங்கியிருக்கிறேன்! அவர் கோலை எடுத்துக் கொடுத்து, பார்த்து இறங்குங்க அத்தை என்றார். நாங்க யாருன்னு எப்பத் தெரிஞ்சுது என்று கேட்டேன். வெந்நீர் கேட்டீங்களே, அப்பவே, உங்க பொண்ணு வந்தப்பவும் இப்படித்தான் அதிகாரம் பண்ணினா என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே வைத்து எழுந்தார். நான் திட்டவில்லை, மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடட்டுமா என்று மட்டும் கேட்டேன். யாரு மாப்பிள்ளை என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன். தட்டு தேய்க்கிற நாரை எங்கடி வச்சிருக்கே என்று கேட்டார்.

இதைவிடத் தெளிவாக அவர் வாயால் சரி வராது, லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா. இரண்டு பேரும் தீர்க்காயுசாக, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். மாப்பிள்ளை மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆசிகளுடன்,
உன் அம்மா