ஆறு மாசச் சீட்டு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுறது. நீ அங்க சுகமா இருக்கணும், இங்க நாங்களும் சுகம்னு எழுதினா அது பாதிதான் நிஜம். போன் இருக்கும்போது எதுக்கு இந்தக் கடுதாசின்னு சிரிப்பே. போன்ல சொன்னா பேச்சை மாத்திடுவே, அதான்.

நம்ம பிஸ்கட் டப்பா ஞாபகம் இருக்கா? இல்லாம என்ன, உன்னை அத்தனை அழ வச்ச டப்பாவாச்சே. எதைக் கேட்டாலும் அப்பா, சீட்டுல எழுதித் தேதி போட்டு அதுக்குள்ள போடு, ஆறு மாசம் கழிச்சும் ஆசை இருந்தா வாங்கலாம்பார். உன் சைக்கிள் அப்படித்தான் வந்துச்சு. அந்தச் சிக்கனத்துலதான் இந்த வீடும் உன் படிப்பும், நான் இல்லைங்கல. ஆனா லேத் பட்டறை இரைச்சல்ல காது மந்தமானப்ப, காது மெஷினுக்கும் சீட்டு எழுதிப் போட்டிருக்கார் இந்த மனுஷன்! ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பார்த்துட்டு, பழகிடுச்சு, இனி வேண்டாம்னு கிழிச்சுப் போட்டாராம். இப்படியே மூணு தடவை. போன வாரம் நானே இழுத்துக்கிட்டுப் போனேன். இனிமே மெஷின் வச்சும் பெரிசா பிரயோஜனம் இல்லம்மா, அப்பவே வந்திருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். பணம் பேங்க்ல பத்திரமா இருக்கு, என்ன பண்ண அதை வச்சுக்கிட்டு.

ஞாயித்துக்கிழமை நீ போன்ல, இடுப்புலேருந்து கால் வரைக்கும் மரத்துப் போகுது, டாக்டருக்கு நானும் சீட்டு எழுதிப் போட்டுட்டேன், ஆறு மாசம் பார்ப்போம்னு சிரிச்சே பாரு, அதுக்குத்தான் இந்தக் கடுதாசியே. அப்பா என்னடான்னா, சமத்து, என் பொண்ணாச்சேன்னார். ஸ்பீக்கர்ல போட்டும் அவருக்குச் சீட்டுங்கிற வார்த்தையைத் தவிர ஒண்ணுமே கேக்கலடி. நீ வச்சதும் மூணு தடவை கத்திப் பார்த்தேன், முடியாம சீட்டுல எழுதிக் காட்டினேன். படிச்சுட்டு, இதை ஏன் என்கிட்ட யாரும் சொல்லலன்னு தெருவே திரும்பிப் பார்க்குற மாதிரி கத்தினார். அன்னிக்குச் சாப்பிடவே இல்ல. ஒரு பக்கம் காது கேக்காதவர், இன்னொரு பக்கம் சொன்னா கேக்காதவ, நடுவுல நான் யார்கிட்ட போய் முட்டிக்கிறது? அங்க ஓடி வந்து உன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகவும் முடியல.

நல்லா இரு தாயே, நூறு வயசுக்கும் உன் காலாலேயே நட. அந்தச் சீட்டைக் கிழிச்சுட்டு முதல்ல டாக்டர்கிட்ட போ, போயிட்டு வந்து போன் பண்ணு, நான் அப்பாவுக்கு எழுதிக் காட்டறேன். மணி அடிச்சா கேக்காதே, அதிர்றதாவது கையில தெரியட்டும்னு ஞாயித்துக்கிழமைலேருந்து போனை உள்ளங்கையிலேயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்.

இப்படிக்கு,
உன் அம்மா