பதினெட்டாம் நாள் தண்ணீர்

2024 பெப்ரவரி 12, திங்கள்

காலை ஆறு பத்துக்கு ஸ்ரெல்லாவின் அறுபது முட்டைகளையும் வெள்ளை நுரை அட்டையாலான என் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் வைத்தேன். பக்கத்து வளவுக்காரி. பன்னிரண்டு பேடும் ஒரு சேவலும் வளர்க்கிறாள். ஒரு கிழமையாக ஒரு முட்டைகூட விற்காமல் சேர்த்தவை. இந்தக் குஞ்சுகளை வைத்துத்தான் கூட்டைப் பெரிதாக்கப் போகிறாள்.

"கவனம் அக்கா, என்ரை முழுச் சொத்தும் உங்கடை ரெஜிபோம் பெட்டிக்குள்ளை" என்று சிரித்தாள்.

வீட்டுக்காரர் கொழும்பில் வாங்கி வந்த புதுத் தேர்மோஸ்டற்றைப் பூட்டியிருக்கிறேன். பழையது ஒரு பித்தளை வட்டு, உள்ளே ஈதர். சூடேற வட்டு வீங்கிச் சுவிச்சைத் தள்ளும், பல்ப் அணையும். ஆறினால் சுருங்கும், மறுபடி எரியும். அதற்கு இலக்கம் தெரியாது. கண்ணாடி வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து நான்தான் திருகாணியைத் திருக வேண்டும். அப்படியும் ஒரு பாகை ஏறும், ஒரு பாகை இறங்கும். புதியதில் ஒரு கறுப்பு வயர், நுனியில் மிளகளவு சென்சர். சூடு கூட அதன் மின்தடை குறையுமாம். அதைக் கணக்கிட்டுச் சிவப்பு இலக்கமாகக் காட்டுகிறது. 37.7க்கு வைத்தேன். அசையவே இல்லை.

பெப்ரவரி 19, திங்கள்

ஏழாம் நாள். ரோச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். ஐம்பத்துமூன்றில் நரம்பு ஓடுகிறது. ஏழு வெறும் முட்டை, எடுத்துவிட்டேன். ஸ்ரெல்லாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நாவூறு படும். பொரித்த பிறகு சொல்லலாம்.

பெப்ரவரி 24, சனி

37.7. 37.7. 37.6. 37.7. எழுதவே தேவையில்லைப் போலிருக்கிறது.

மார்ச் 1, வெள்ளி

பதினெட்டாம் நாள். இனி முட்டைகளைத் திருப்பக் கூடாது, ஈரத்தைக் கூட்ட வேண்டும். சின்னத் தட்டை எடுத்துவிட்டுப் பெரிய தட்டில் தண்ணீர் வைத்தேன். சிலுவைப்பாதைக்குக் கோயில் மணி அடித்துவிட்டது. அவசரத்தில் மூடியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தபோது சிவப்பு இலக்கம் 37.7. மூடியின் சின்னச் சன்னலூடாகத் தெரிந்த கண்ணாடி வெப்பமானி 41. அது முன்பொருமுறை கீழே விழுந்தது, பாதரசம் பிரிந்திருக்கும். திறந்தால் ஈரம் போய்விடும். திறக்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

இருபத்தோராம் நாள். ஒரு சத்தமும் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

திறந்தேன். வயர் வழுகி, நுனி தண்ணீர்த் தட்டுக்குள் கிடந்தது.

ஆவியாகிக்கொண்டே இருக்கும் தண்ணீர் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர். அந்தத் தண்ணீரை 37.7க்குக் கொண்டுவர பல்ப்புகள் எரிந்தபடியே இருந்திருக்கின்றன. முட்டைகள் இருந்த இடத்தில் நாற்பத்தொன்று. கண்ணாடி சரியாகத்தான் காட்டியது.

ஐந்தை உடைத்தேன். இறகு, அலகு, நகம், எல்லாம் இருந்தது. மற்றவற்றை உடைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் முருங்கைக்குக் கீழே புதைத்து முடித்தபோது ஸ்ரெல்லா வந்தாள்.

"எத்தினை அக்கா?"

"எல்லாம் கூழ்முட்டை. கருவே பிடிக்கேல்லை."

"ஒண்டுகூட?"

"சேவலுக்கு வயசு போட்டுது போலை."

ஏன் சொன்னனான்? எத்தினை எண்டு மட்டும்தானே கேட்டவள்!

மார்ச் 10, ஞாயிறு

ஸ்ரெல்லா ஒரு கிண்ணத்தில் கறி கொண்டுவந்தாள். "தவக்காலம், நீங்கள் தொடமாட்டியள் எண்டு தெரியும். அண்ணைக்குக் குடுங்கோ. கிழடுக்குத் தீன் போட்டு என்ன பிரயோசனம்?"

இவர் இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டார். "இளஞ்சேவலப்பா! வாய்க்குள்ளை கரையுது. உதையோ கிழடெண்டு வெட்டினவள்?"

நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

பாவசங்கீர்த்தனம். "பொய் சொன்னேன், சுவாமி" என்றேன். ஆருக்கு, என்ன பொய் — சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பத்து அருள்நிறைந்த மரியே. சொல்லி முடித்தேன். பாரம் குறையவில்லை. குறையாதே. பாதியைத்தானே இறக்கினேன்.

மார்ச் 21, வியாழன்

வேலிக்கு அப்பாலிருந்து ஸ்ரெல்லா: "சனிக்கிழமை வியாபாரி வாறான் அக்கா. பேடுகளையும் குடுத்துவிடப் போறன். எனக்குக் கைராசியில்லை."

கைராசியாம். ஆண்டவரே.

மார்ச் 22, வெள்ளி

இந்தக் கொப்பியோடு போனேன். தீன் போட்டுக்கொண்டிருந்தாள். பெப்ரவரி பத்தொன்பதை வாசித்துக் காட்டினேன்.

"ஐம்பத்துமூண்டிலை உயிர் இருந்தது ஸ்ரெல்லா. நான்தான் அவிச்சனான்."

சென்சர், தண்ணீர் என்று தொடங்கினேன். மறித்தாள்.

"எனக்கு வயர்க்கதை வேண்டாம். சேவலிலை பிழையோ, இல்லையோ?"

"இல்லை."

அவள் கையிலிருந்த தீன் முழுவதும் கீழே கொட்டியது.

"என்ரை கையாலை வெட்டினனான் அக்கா. கூப்பிட ஓடி வந்தது. தீனெண்டு நினைச்சு."

நான் அழத் தொடங்கினேன்.

"அழுறதெண்டால் கோயிலிலை போய் அழுங்கோ" என்றாள். வெளியே போகப் படலையைக் காட்டினாள்.

மார்ச் 23, சனி

வியாபாரியின் மோட்டார் சைக்கிள் வந்தது. வெறுங்கூட்டோடு திரும்பிப் போனது.

மார்ச் 25, திங்கள்

ஸ்ரெல்லா முற்றத்தில் நின்றாள், உள்ளே வரவில்லை. "பெட்டி எனக்கு வேணும். நான் பாக்கிறன்."

"எந்தத் தேர்மோஸ்டற்றைப் பூட்ட?"

"எது நல்லது?"

"பழசு மந்தம், ஏறி இறங்கும். புதுசு துல்லியம். ஆனால் நுனி இருக்கிற இடத்துச் சூடுதான் அதுக்குத் தெரியும். முட்டை மட்டத்திலை கட்டோணும்."

"ரண்டையும் பூட்டேலாதோ?"

எனக்கு அது தோன்றவே இல்லை. தொடராகப் பூட்டினேன். புதியது 37.7இல் நடத்தும். அது பிழைத்தால் பழைய வட்டு முப்பத்தொன்பதுக்குள் வீங்கி நிறுத்தும். கண்ணாடி வெப்பமானியையும் கொடுத்தேன். இவர் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார். என்னை வா என்று அவள் சொல்லவில்லை.

மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

பூசையில் எனக்கு முன்வரிசையில் இருந்தாள். திரும்பவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

ஊருக்குள் கனிசியஸ் அண்ணையிடம் போன மாதமே அவள் வாங்கிய புதுச் சேவல் கூவுகிறது. ஸ்ரெல்லா இன்று முட்டை வைத்தாளாம், இவர் சொன்னார். எத்தனை என்று தெரியாது.

ஏப்ரல் 26, வெள்ளி

"அக்கா!"

ஒரு மாதத்துக்குப் பிறகு. வேலியடிக்கு ஓடினேன்.

"பெரிய தட்டு எங்கை வைக்கிறது?"

"பல்ப்புக்கு நேர் கீழை. நுனி தண்ணியிலை படாமல்—"

"கட்டியாச்சு" என்றாள். போய்விட்டாள்.

ஏப்ரல் 29, திங்கள்

விடியமுன் தொடங்கிய குஞ்சுச் சத்தம் இன்னும் ஓயவில்லை. நிறைய இருக்க வேண்டும். எண்ணிக்கை கேட்கப் படலைவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். இங்கே ஒரு வரி வெறுமையாக விடுகிறேன். அவளாகச் சொன்னால் எழுதுவேன்.