கல்யாணத்துக்கு முன்னால் வெள்ளையடித்த சுவர்

ஜெய்சல்மேர் கோட்டை,
ஹோலி கழிந்த ஐந்தாம் நாள்.

சிரஞ்சீவி ஹேமலதாவுக்கு உன் அப்பா ஜேட்மல் புரோகித் எழுதிக்கொண்டது. லக்ஷ்மிநாதர் அருளால் இங்கு எல்லோரும் சுகம். ஷில்லாங்கில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நலம் என்று உன் அம்மா சொல்லித் தெரியும். ஆறு வருடமாக அவள் உன்னோடு ஃபோனில் பேசும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது அவளுக்குத் தெரியும். இப்போது உனக்கும் தெரியட்டும்.

ஃபோனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். முப்பது வருடமாக வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவன் நான். வாயைத் திறந்தால் கதை தானாக வந்துவிடும், உண்மை பின்தங்கிவிடும். காகிதத்தில் அப்படி ஓட முடிவதில்லை. இதற்கு முன் எழுதிய மூன்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம். கடைவீதிக்கு இறங்கிப் போனால் கோட்டை ஏற்றத்தில் நான்கு இடத்தில் உட்கார்ந்துதான் வருகிறாள். உன் தம்பி கிரிராஜுக்கு பீகானேரில் பெண் பார்த்திருக்கிறோம். பெயர் பிரமிளா. அட்சய திருதியை அன்று கல்யாணம். பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, உனக்குச் சம்மதமா என்று உன் அம்மா கேட்டுவிட்டாள். கேட்கச் சொன்னவன் நான். நம்புவதற்கு உனக்குச் சிரமமாக இருக்கும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் ஜோத்பூரிலிருந்து ஓர் அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், இருபது பேர். காலையில் கோட்டையைக் காட்டினேன். சமணர் கோயில்களைப் பார்த்துவிட்டு நம் சந்து வழியாக வரும்போது பெண்கள் நம் வீட்டுச் சுவர் முன்னால் நின்றுவிட்டார்கள். பிள்ளையார், அவருக்குக் கீழே "சௌ. ஹேமலதா, சி. நந்தகிஷோர்", அதற்கும் கீழே முகூர்த்த நாள். நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம்.

நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "இங்கெல்லாம் கல்யாணப் பத்திரிகையே சுவர்லதான். பிள்ளையாரைக் கூப்பிட்டு எழுதிட்டா அப்புறம் யாரும் கை வைக்கக் கூடாது. அந்த வீட்ல அடுத்த கல்யாணம் வர்ற வரைக்கும் அப்படியேதான் இருக்கும்." இது யார் வீடு என்று ஒருத்தி கேட்டாள். "நம்ம வீடுதாம்மா. பொண்ணு பலோதியில இருக்கா. ரெண்டு பிள்ளைங்க. மாப்பிள்ளை தங்கமான பையன், தீபாவளின்னா தவறாம வந்துடுவாரு."

ஆறு வருடமாக இதைத்தான் சொல்கிறேன் ஹேமு. பேரப்பிள்ளைகளுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறேன். கூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். வெயில் கண்ணில் குத்துகிறது போல என்று விட்டுவிட்டேன்.

மதியம் குல்தராவுக்குப் போனோம். கூரை போன வீடுகளுக்கு நடுவே நின்று அந்தக் கதையைச் சொன்னேன். திவான் ஊர்த்தலைவர் மகள்மேல் கண் வைத்தது, கொடுக்க மனமில்லாமல் பாலிவால் பிராமணர்கள் எண்பத்துநான்கு ஊரையும் காலி செய்துகொண்டு போனது. "ஒரே ஒரு பொண்ணுக்காக!" என்று கையை விரித்து நிறுத்துவேன், உனக்குத்தான் தெரியுமே. அங்கே கண் கலங்காதவர்கள் குறைவு. அன்றைக்கு, இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி மட்டும் கலங்கவில்லை. "அது சரி பெரியவரே, அந்தப் பொண்ணுகிட்ட யாராவது கேட்டாங்களா? அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு கதையில வரவே இல்லையே" என்றாள்.

முப்பது வருடத்தில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. குழந்தைக்குத் தண்ணீர் கொடும்மா என்று சொல்லிச் சமாளித்துவிட்டு ஒரு குட்டிச்சுவர் நிழலில் போய் உட்கார்ந்தேன்.

கறுப்புக் கண்ணாடிக்காரன் பின்னாலேயே வந்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் காலைத் தொட்டு, சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டான். "காகாசா, என்னைத் தெரியலையா? பலோதி நந்தகிஷோர்." நிச்சயத்தன்று ஒரே ஒரு தடவை பார்த்த முகம். அப்போது மீசை கிடையாது. என் பொய்யை அவன் முன்னாலேயே நின்று, அவனையே மாப்பிள்ளையாக்கிச் சொல்லியிருக்கிறேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். கேள்வி கேட்டவள்தான் அவன் மனைவி சுமன். "காலையிலேருந்து இவரோட ரெண்டாவது பிள்ளை எங்கேன்னு தேடிக்கிட்டிருக்கேன் காகாசா. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான்" என்றாள். கேலிதான், ஆனால் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை.

பிறகு நந்தகிஷோர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க பொண்ணு எனக்கு ஃபோன் பண்ணாங்க காகாசா. அப்பாகிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன், கேட்க மாட்டேங்கிறாரு, நீங்களாவது வேண்டாம்னு சொல்லிடுங்கன்னு அழுதாங்க. சுவர்ல பேர் ஏறிடுச்சே, இனிமே நான் என்ன பண்றதுன்னு ஃபோனை வச்சுட்டேன். ஊர்ல எல்லாரும் அவங்களைப் பேசினப்ப நானும் வாயைத் திறக்கல. அவங்களைப் பார்த்தா நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டேன் ஹேமு. இனி என் பங்கு.

நீ முதல் தடவை வேண்டாம் என்றபோது நான் சிரித்தேன். இரண்டாம் தடவை சொன்னபோது கத்தினேன். மறுநாள் காலையிலேயே ஓவியன் லக்குவைக் கையோடு கூட்டிவந்தேன். பத்து நாள் இருக்கும்போது எழுதுவதுதான் வழக்கம், முகூர்த்தத்துக்கு அன்று நாற்பது நாள் இருந்தது. பிள்ளையார் சுவரில் வந்து உட்கார்ந்துவிட்டால் நீ வாயை மூடிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ ஓடிப்போனாய் என்று ஊர் சொன்னது, நானும் அதையே சொன்னேன். துரத்தியவன் நான். சாமியைக் காவலுக்கு நிறுத்தி வைத்துத் துரத்தினேன்.

அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. "ஆறு வருஷமா நான் சொன்னது ஏறாத காது, ஊர் சுத்திப் பார்க்க வந்தவ சொன்னதும் ஏறிடுச்சா?" என்று கேட்டுவிட்டு ரொட்டிக்கு மாவு பிசையப் போய்விட்டாள். பிசைந்து முடிக்க அன்று வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை நானே சுண்ணாம்பு கரைத்து, பிள்ளையாரை விட்டுவிட்டு, பெயர்களையும் நாளையும் அழித்தேன். எதிர்வீட்டு மோகன்லால் வியாஸ் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடிவந்தார். "புத்தி கெட்டுப்போச்சா ஜேட்மல்? கிரிராஜ் கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. அதுக்குள்ள யாராவது சுவர்ல கை வைப்பானா? அபசகுனம்டா!" என்று சந்தே அதிரக் கத்தினார். "என் பொண்ணு வேண்டாம்னு சொன்னா. எனக்கு இப்பத்தான் காதுல விழுந்துச்சு" என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது அந்த வழியாகக் கூட்டத்தைக் கூட்டிப்போகும்போது யாராவது கேட்டால், மகள் ஷில்லாங்கில் வாத்தியார் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் சொல்கிறேன்.

மாப்பிள்ளை குதிரை ஏறும்போது உப்பும் கடுகும் சுற்றிப் போட கூடப்பிறந்தவள் வேண்டும். சித்தப்பா மகள் யாரையாவது நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, அக்கா இருக்கும்போது எதற்கு என்று கிரிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீ வந்தால், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தைரியம் வராதபடி உன் பக்கத்திலேயே நிற்பேன். வரும் நாளை எழுது. ரயிலடியில் இருப்பேன்.

அங்கே எப்போதும் மழை என்கிறாள் அம்மா. நனையாமல் இரு, உடம்பைப் பார்த்துக்கொள். நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும். வருவதற்கு மனமில்லை என்றால் அதையும் கூசாமல் எழுதிவிடு, மகளே. ஒரு தடவை எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா.