பன்னிரண்டு நொடி தம்பூரா

அன்புத் தம்பிக்கு,

பாகவதர் பாடி, நீ வயலின் வாசித்து, நான் ஒலிப்பதிவு செய்த அந்த மோகன ராகப் பாட்டு ‘எல்லோரும் விரும்பும் நூறு இசைத்தட்டுகள்’ பட்டியலில் வந்துவிட்டது. நீ பார்த்திருக்க மாட்டாய். வயலினை மூடிவைத்த நாளிலிருந்து நீ பத்திரிகையின் இசைப் பக்கத்தையே புரட்டுவதில்லை என்று உன் மனைவி சொன்னாள்.

பாட்டின் நடுவே பன்னிரண்டு நொடிகள் தம்பூரா மட்டும் கேட்கிறதல்லவா, விமர்சகர் அதை இரண்டு பத்திக்குப் புகழ்ந்திருக்கிறார். பாகவதர் அங்கே தியானத்தில் ஆழ்ந்தாராம். அவர் தண்ணீர் குடித்தார். அங்கே வயலின் வாசித்தது நீ.

அந்த இடத்தில் உன் வயலினை எடுத்துவிட்டேன் என்று அன்று நான் சொன்னதும், “நிஜமாவே சுருதி விலகிடுச்சாண்ணா?” என்று கேட்டாய்.

“ஆமாடா, காது கூசிடுச்சு” என்றேன்.

என் காதை நம்பி நீ வாசிப்பதையே விட்டுவிட்டாய்.

சுருதி விலகவில்லை. பதிவு அறையின் கதவைச் சரியாகச் சாத்தாமல் நான் தும்மிவிட்டேன்; அது உன் வயலின் மைக்கில் பதிந்துவிட்டது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். வேலை போகவில்லை. ஓய்வு பெற்ற அன்று, ‘கூர்மையான செவி படைத்தவர்’ என்று பாராட்டுப் பத்திரமே வாசித்தார்கள். நானும் கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

மூல நாடாவை நேற்று கம்பெனியில் கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிட்டேன். மறுபதிப்பில் எதையும் நீக்க மாட்டார்கள். உறையில் வயலினுக்கு உன் பெயரையும் தும்மலுக்கு என் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன்.

நகல் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். ஒரே ஒருமுறை கேள். நான் அப்படித் தும்மியும் நீ ஒரு ஸ்வரம்கூடத் தவறவில்லை.

இப்போதுதான் கூசுகிற,
உன் அண்ணன்