சந்தனம் பூசிய இடம்

காஜா பெராங், மலாக்கா
19-10-1958

மகன் தியாகுவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை கோகிலாவும் உயிரோடு சௌக்கியமாக இருக்கிறோம். அது கடவுள் புண்ணியம், உன் புண்ணியம் இல்லை. நீ சிங்கப்பூரில் சுகமா என்று எப்போதும் முதல் வரியில் கேட்பேன், இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய், அதை நம்புகிற நிலையில் நான் இல்லை.

கோகிலாவின் வளைகாப்புக்கு அண்ணன் சீர் என்று சொல்லி ஆவணியில் நீயே ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினாயே அந்தச் சாம்பல் நிறக் கார், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரத் துரையிடம் போன வாரம்தான் வாங்கினேன், ஒரு கீறல் கிடையாதுப்பா என்றாய். கோயிலில் பூசை போட்டாயிற்று என்று இடது மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தாய். முப்பது வருஷம் பஸ் ஒர்க்‌ஷாப்பில் கை கறுத்தவன் நான். இந்த ஊரில் யார் பழைய வண்டி வாங்கினாலும் பொன்னுதுரை ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும் என்று வீடு தேடி வருவார்கள். அப்படிப்பட்ட நான் என் மகன் கொண்டுவந்தது என்பதால் பானெட்டைக்கூடத் திறக்காமல் சாவியை வாங்கி மாப்பிள்ளை சேதுராமன் கையில் கொடுத்தேன். சாமி சந்தனத்தை இந்த வீட்டில் யாரும் துடைக்க மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். கெட்டிக்காரன்தான் போ.

சேதுராமன் சனிக்கிழமைதோறும் புக்கிட் காதிலிலிருந்து வந்து கோகிலாவை அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். இரண்டாம் வாரமே, வேகம் முப்பத்தைந்து மைலைத் தொட்டால் ஸ்டீரிங் உதறுகிறது மாமா என்றார். டயர்தான் என்று முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும் மாற்றினேன், உதறல் போகவில்லை. ஓடும்போதே கியரை நியூட்ரலில் தள்ளி இன்ஜினை அணைத்துப் பார்த்தேன், அப்போதும் உதறியது, ஆகவே இன்ஜின் இல்லை. பிரேக் டிரம்மைக் கழற்றினேன், இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் சுழல்தண்டை இறக்கி அதன் முட்டுகளைப் புதிதாகப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைத்தாச்சி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்பா இதுல உட்கார்ந்தா உள்ள இருக்கிற பிள்ளையும் சேர்ந்து ஆடுது என்று அழுகிறாள். நான் மடையன், கீழே படுத்துக்கொண்டு இன்னும் ஏதோ ஆணிதான் கழன்றிருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வேறு வழி தெரியாமல் வண்டியின் அடிச்சட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, குறுக்கே அளந்தேன். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றரை அங்குலம் வித்தியாசம் வந்தது. எங்கேயோ பலமாக மோதாமல் சட்டம் அப்படிக் கோணாது. சாமி, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஈரத்துணியை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தேன். கீழே பெயின்ட் வேறு சாயலில் இருந்தது, காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. உள்ளே முழுக்க ஈயம் ஊற்றித் தேய்த்து வைத்திருக்கிறது. செமாபோக்கில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயைக் கூட்டிவந்து காட்டினேன், அவர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, சூடா கெனா லங்கார், அதாவது ஏற்கெனவே நன்றாக அடிபட்ட வண்டி, சட்டத்தில் போட்ட ஒட்டு பாதி விட்டுப்போச்சு, இன்னும் ரெண்டு பயணம் தாங்கியிருக்காது என்றார்.

விற்ற துரைதான் உன்னை ஏமாற்றிவிட்டான் என்று அந்த நிமிஷம் வரைக்கும் உனக்காகத்தான் பேசினேன். பிறகு நீ மாட்டியிருந்த ஸ்டீரிங் உறையைப் பிரித்தேன். வளையம் கீழ்ப்பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. ஓட்டுகிறவன் நெஞ்சு போய் மோதினால்தான் அப்படி மடங்கும். சீட்டைத் தூக்கினேன், அடியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் காம்பு கிடந்தது, பொங்கலுக்கு நீ வந்தபோது உன் அம்மா பச்சை நூல் சுற்றிக் கொடுத்தாளே, அதே காம்பு. குளியலறையில் வழுக்கி விழுந்தேன், நெஞ்சில் சின்ன அடி, கண்ணாடி உடைந்துவிட்டது என்று ஆனியில் எழுதினாயே, அட பாவி! உன் அம்மா பூங்காவனம் அந்தக் குளியலறைக்காக ஒன்பது வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாளடா. போன வாரம்தான் வாங்கினேன் என்றதும் பொய். ஆனியிலேயே நீயே மோதி, நீயே பூசி மெழுகி, வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சீராகக் கொடுத்திருக்கிறாய். என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!

சேதுராமன் நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மாமா, உங்க கண்ணுக்குத் தப்புற வண்டியா இது, தெரியாமலா குடுத்தீங்க என்று மட்டும் கேட்டார். கோகிலா கதவருகில் நின்றாள். எங்க அண்ணன் குடுத்த கார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள். இந்த நேரத்தில் அவளிடம் உன் அண்ணன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்று எந்த வாயால் சொல்வேன்? எனக்குத் தெரியும், தாங்கும் என்று நினைத்துவிட்டேன் என்றேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறிப் போனார். அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டி விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது, உனக்காகச் சொன்னேன், என் நாக்கு இன்னும் கூசுகிறது.

தவுக்கே வண்டியை அப்படியே வாங்கிக்கொள்கிறேன் என்றார். இன்னொருத்தன் பெண்டாட்டி பிள்ளை அதில் ஏறவா? சட்டத்தை ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டேன். கார்த்திகையில் பிரசவம். தாய்மாமனாகத் தொட்டில் கட்ட வர வேண்டியவன் நீதான், பஸ்ஸில் வா. வந்ததும் குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் சேதுராமன் முன் நின்று, நடந்தது அத்தனையும் உன் வாயால் சொல். நான் சொன்ன பொய்யை நீதான் திரும்ப எடுக்க வேண்டும். அதுவரைக்கும் எனக்குக் கடிதம் போடாதே, அம்மாவுக்குப் போடு. கடவுள் உனக்கு ஆயுசைக் கொடுத்துவிட்டார், புத்தியையும் கொடுக்கட்டும்.

ஒன்று மறக்காதே. அந்த வளையம் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று கையால் அளந்து பார்த்தேன், அதிலிருந்து தூக்கம் இல்லை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடு. நன்றாக இருக்கிறது என்று எழுதாதே, படத்தையே அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. பொன்னுதுரை