இல்லாத காமாலைக்குக் கீழாநெல்லி

அண்ணி, இன்றைக்குக் காலையிலும் ஒரு கட்டுக் கீழாநெல்லி வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுச் செல்வி வயல் வரப்பிலிருந்து வேரோடு பிடுங்கி, ஈரமண்ணோடு கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தாள். "பாப்பாவுக்குப் பரீட்சை வருதுல்லக்கா, பழைய காமாலை திரும்பிடப் போவுது" என்றாள். என் மகள் பாப்பாவுக்கு வயது பதினான்கு. காமாலை அவளுக்கு வந்ததே இல்லை. அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் உங்கள்மேல் வந்த கோபத்தில், நீங்கள் போன அறுவடைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது.

அவள் பிறந்தபோது நர்ஸ் கேட்டார், டாக்டர் கேட்டார், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்: "வெளிக்குப் போச்சா?" துணியில் கறை இருந்தது. போச்சு என்றேன். அதற்குமேல் யார் கேட்பார்கள்? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தை முக்கி முக்கி அழுதாள். வாயு என்றார்கள். கூடப்பிறந்த தம்பியின் பிள்ளையை நானே குளிப்பாட்டுகிறேன் என்று நீங்கள் பேராவூரணியிலிருந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, அவளைக் கால்மேல் குப்புறப் போட்டீர்கள். தண்ணீர் ஊற்றிய கை அப்படியே நின்றது.

"போவுது போவுதுங்கிறியே, எந்த வழியாப் போவுதுன்னு பாத்தியா?"

இருக்க வேண்டிய இடத்தில் வழியே இல்லை. தஞ்சாவூர் டாக்டர் படம் வரைந்து காட்டினார். மலக்குடல் தன் இடத்தில் திறக்காமல், முன்பக்கம் பெண்ணுறுப்பின் வாசலில் சின்னத் துளையாகத் திறந்திருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இப்படி வரும், யார் தப்பும் இல்லை என்றார். வயிற்றில் தற்காலிகமாக ஒரு வழி, அப்புறம் சரியான இடத்தில் புது வழி, அப்புறம் வயிற்று வழியை மூடுவது என்று மூன்று ஆபரேஷன். மூன்றுக்கும் கூடவே இருந்தீர்கள். வயிற்றில் கட்டிய துணியை முகம் சுளிக்காமல் மாற்றினீர்கள். அதையெல்லாம் நான் மறக்கவில்லை.

ஆனால் ஊருக்கு என்ன சொன்னீர்கள்? "மஞ்சக்காமாலை. லைட்டுல வச்சிருக்காங்க." மூன்று ஆபரேஷனுக்கும் அதே காமாலை. நான் வாயைத் திறந்தால் முறைப்பீர்கள். "பொம்பளப்புள்ள சமாசாரம். நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்கணுமா வேணாமா?" அப்புறமென்ன, தெருவே கீழாநெல்லி அரைத்தது. பச்சைக் குழந்தைக்குக் கொடுக்க விடாமல், "பால் குடுக்குறவ குடிச்சாப் போதும்" என்று அந்தக் கசப்பை என் தலையில் கட்டினீர்கள். கொண்டுவந்தவர்கள் டம்ளர் காலியாகும்வரை நகர மாட்டார்கள். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பீர்கள்.

இன்றைக்குச் செல்வி கீழாநெல்லியை வைத்துவிட்டுக் கிளம்பவில்லை. அவள் மகளுக்குப் போன வாரம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. "முக்கி முக்கி அழுவுதுக்கா. வயிறு கல்லு மாதிரி இருக்கு."

"வெளிக்குப் போவுதா?" நானும் அதைத்தான் கேட்டேன், பாருங்கள்.

"போவுதே. துணியெல்லாம் ஆவுது."

எந்த வழியாக என்று கேட்க வேண்டும். கேட்டால், உனக்கெப்படித் தெரியும் என்பாள். உங்கள் காமாலை குறுக்கே வந்து நின்றது. போன பிறகும் முறைக்கிறீர்களே அண்ணி, இது நியாயமா?

நான் பேச்சை இழுத்துக்கொண்டிருக்கையிலேயே பாப்பா தோசைத் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். அவளுக்கு எல்லாம் சொல்லித்தான் வளர்த்திருக்கிறேன்.

"எந்த வழியாப் போவுதுன்னு பாத்தீங்களா சித்தி? எனக்கும் அப்படித்தான் அழுகையா இருந்துச்சாம். பின்னாடி வழியே இல்லாம பொறந்தேன். ஆபரேஷன் பண்ணாங்க. காமாலையெல்லாம் ஒண்ணும் கெடையாது."

செல்வி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பாப்பாவைப் பார்த்த அதே டாக்டருக்கு நான் போன் போட்டேன். உடனே கொண்டுவரச் சொன்னார். கார் வந்தது. தெருவே கூடி, என்னாச்சு என்னாச்சு என்று ஜன்னலில் குனிந்தது. செல்வி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"மஞ்சக்காமாலை."

கார் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. நேரத்துக்குப் போய்ச் சேரும். உங்கள் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன், அண்ணி. அந்தக் காமாலையை மட்டும் போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா?