அப்பாவின் நன்றிப் பூசை

மரியே துணை

பசறை,
15.7.1957

என் அன்பு மகள் றோசாலிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மன்னாரில் சுகமாயிருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. கறுப்பி ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய்.

அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது, நீ லீவு போட்டு வர வேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். தோட்டத்து டிஸ்பென்சர் கையில் பட்டி கட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஏறியே நின்றது, கிடுகிடுவென்று இறங்கியதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "எம் பிரஷரு எறங்கிருச்சு" என்று பெருமையடித்தார். நான் கோயிலில் மெழுகுதிரி ஏற்றினேன். உப்பில்லாக் கஞ்சி குடித்து நாக்குச் செத்த மனிதர் ஆசையாய்க் கேட்டாரே என்று, நீ அனுப்பிய கருவாட்டில் குழம்பும் வைத்தேன். அன்று அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. பதுளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டதில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. டொக்டர் சிற்றம்பலம் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "கருவாட்டால் மட்டும் வந்ததில்லை அம்மா, இருதயம் முந்தியே களைச்சுப் போச்சு, இரத்தத்தைத் தள்ள அதுக்குப் பலம் காணாது, அதுதான் பிரஷர் விழுகுது, பிள்ளையள் இருந்தால் கூப்பிடுங்கோ" என்றார். இதற்கா நான் மெழுகுதிரி ஏற்றினேன்?

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம், டொக்டர் சொன்னதை அவரிடம் நான் சொல்லவில்லை. பிரஷர் இறங்கித்தான் இருக்கிறது, டொக்டருக்குத் திருப்தி என்றேன். வீங்கின காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப நன்றிப் பூச வச்சிருவோம், றோசாலிய வரச் சொல்லி எழுது" என்றார். அதிலிருந்து இதே பேச்சுத்தான்.

இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் காலமெல்லாம் அந்த நீராவி எஞ்சினைக் கட்டி மேய்த்தவர் அவர். பிரஷர் முள் இறங்குகிறது என்று ஆள் வந்தால், தின்கிற சோற்றைப் போட்டுவிட்டு விறகு தள்ள ஓடுவாரே, நினைவிருக்கிறதா? முள் இறங்கினால் என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது? உன்னைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்றுதான் பூசை என்கிறார் போலிருக்கிறது.

அதனால் மகளே, பூசைக்காகவே வந்ததாகச் சொல்லிக்கொண்டு வா. அவர் முன்னால் அழாதே. கருவாடு அனுப்பினேனே என்று மனம் நோகவும் வேண்டாம். எதுவும் கொண்டுவராதே, நீ வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் வரமுடியாவிட்டால் தந்தி கொடு. பூசையைத் தள்ளி வைக்கலாம், மற்றது என் கையில் இல்லை.

தேவமாதா வழித்துணையாக வந்து உன்னைச் சீக்கிரம் சேர்க்கட்டும்.

உன் அம்மா,
சவரியம்மா